அப்பாவின் கருவாட்டுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

பாம்பன், மண்டபம் உறவுகளுக்கு வணக்கம். போன மாதம் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டுமாம். நாற்பது வருடம் கடலுக்குப் போன மனிதர். கஞ்சிக்குச் சுட்ட சீலாக் கருவாடு இல்லையென்றால் கிண்ணத்தை நகர்த்திவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். நேற்று மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்தேன், அப்படியும் உப்புக் கரித்தது. இந்துப்பு என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

உப்புப் போடாமல் வெயிலில் காயவைத்த நெத்திலி எங்கே கிடைக்கும்? ஒமேகா-3 உள்ள மத்தியைத் தேங்காய் அரைக்காமல், புளியும் மிளகும் தூக்கலாக வைத்து, அரை உப்பில் குழம்பு வைக்கும் அக்காமார் இருந்தால் பக்குவம் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது. அன்று அத்தை ஊறுகாய் ஜாடியோடு வருகிறார்.