மேட்டுக்குப் பின்னால நின்னு சுட்டா குண்டு மண்ணுலயே விழுது. கேமரா கோளாறா, என் கை கோளாறா?

கரிச்சான்_07

மெக்வாரியர் 5 மெர்சினரீஸ் (ராட்சத ரோபோவை ஓட்டிச் சண்டை போடற வீடியோ கேம்) விளையாட ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகுது. என் மெக் (அந்த ரோபோவுக்கு அதான் பேரு) சென்ட்டூரியன், 50 டன். வலது கையில ஏசி 10 பீரங்கி, நெஞ்சுல ரெண்டு மீடியம் லேசர், இடது பக்கம் எல்ஆர்எம்ங்கற தூர மிசைல். எப்பவும் தேர்ட் பெர்சன் வியூதான், அதாவது மெக்கையே பின்னாலேருந்து பார்க்கற கேமரா.

பிரச்சனை இதுதான். ஒரு மண்மேட்டுக்குப் பின்னால ஒதுங்கி நிக்கறேன். மேட்டைத் தாண்டி எதிரி முழுசா தெரியறான். கிராஸ்ஹேர் (குறி பார்க்கற அடையாளம்) அவன் நெஞ்சு மேல சிவப்பா நிக்குது. சுட்டா என் மூக்குக்கு முன்னாடி புழுதி கிளம்புது. மூணு தடவை, நாலு தடவை, அதே இடத்துல அதே புழுதி. லேசரும் மண்ணைத்தான் பொசுக்குது. கூத்து என்னன்னா, மிசைல் மட்டும் ஒழுங்கா போய்ச் சேருது.

மவுஸ் மாத்திட்டேன், சென்சிட்டிவிட்டி குறைச்சிட்டேன், கேமை ரீ-இன்ஸ்டால் கூட பண்ணிட்டேன் (அன்னிக்கு டேட்டா பூரா காலி). ஒண்ணும் சரியாகல. கூட விளையாடற நண்பன் வேற "தேர்ட் பெர்சன்ல ஆடறதே கள்ளாட்டம், அதான் சாமி கண்ணைக் குத்துது"ங்கறான். உதவி பண்ணுங்கப்பா.

ஒத்தக்கால்_மெக்

தம்பி, ஒரே ஒரு கேள்வி. அதே இடத்துல, அசையாம, காக்பிட் வியூவுக்கு (மெக்குக்குள்ள உக்காந்து பார்க்கற காட்சி) மாறிப் பாருங்க. என்ன தெரியுது?

கரிச்சான்_07

மண்ணு. கண்ணாடி பூரா மண்ணு. 😐

ஒத்தக்கால்_மெக்

முடிஞ்சது கதை. கோளாறு கேம்லயும் இல்ல, உங்க கையிலயும் இல்ல. தேர்ட் பெர்சன் கேமரா உங்க மெக்குக்குப் பின்னால, தலைக்கு மேல மிதக்குது. மேட்டுக்கு அந்தப் பக்கம் பார்க்கறது அந்தக் கேமராதான், நீங்க இல்ல. குண்டு கிளம்பறது துப்பாக்கி வாயிலேருந்து. சென்ட்டூரியனுக்கு அந்த ஏசி 10 தொங்கற கையில, இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கு. மாடியில நிக்கறவன் கண்ணால பார்த்துட்டு, கீழ் வீட்டு ஜன்னல்லேருந்து கல் எறியற மாதிரி. நடுவுல காம்பவுண்டு சுவர் இருந்தா சுவர்லதான் படும்.

மிசைல் போய்ச் சேர்ந்தது ஏன்னா எல்ஆர்எம் மேல எழும்பி வளைஞ்சு விழும். நேர்க்கோட்டுல போற ஆயுதம் எல்லாத்துக்கும் மேடு தடைதான். நீங்க அந்த மிசைல் விஷயத்தை எழுதாம இருந்திருந்தா நானும் மவுஸைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

கரிச்சான்_07

அண்ணே, அப்ப தேர்ட் பெர்சன்ல என்னதான் லாபம்? காக்பிட்டுக்கே போயிடவா?

ஒத்தக்கால்_மெக்

அவசரப்படாதீங்க. பார்க்கறதுக்குத் தேர்ட் பெர்சன் மாதிரி வேற இல்ல. அதை வச்சே சுடணும்னு நினைக்கறதுதான் தப்பு.

மேட்டுக்குப் பின்னால முழுசா ஒளிஞ்சு நில்லுங்க. எதிரி பார்வைக்கு நீங்க இல்ல, ஆனா அவன் எந்தப் பக்கம் திரும்பறான், யாரை அடிக்கறான்னு உங்களுக்குப் படம் மாதிரி தெரியும். அவன் உங்க கூட்டாளி மேல சுட்டு முடிச்ச நொடியில நாலு எட்டு முன்னால வாங்க. துப்பாக்கி வாய் மேட்டைத் தாண்டுச்சான்னு உங்க மெக்கோட கையைப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம், காக்பிட்ல இந்த வசதி கிடையாது. சுடுங்க, உடனே பின்னால போங்க. ஏசி 10 அடுத்த குண்டுக்குத் தயாராகற நேரம் பூரா மறைவுல இருக்கலாம்.

சுவர் மூலைக்கும் இதே கணக்கு. உங்க பீரங்கி வலது கையில. அதனால கட்டடம் உங்களுக்கு இடது பக்கம் இருக்கற மாதிரி நின்னு, வலது தோளை மட்டும் வெளியே நீட்டுங்க. மாத்தி நின்னீங்கன்னா பாதி மெக் வெளியே வந்த பிறகுதான் பீரங்கி வெளியே வரும்.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மெக்குக்குக் கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் திரும்பும். காக்பிட்ல இருக்கும்போது கால் எங்க போகுதுன்னு மறந்து, கட்டடத்துல முட்டிக்கிட்டு நிப்போம். தேர்ட் பெர்சன்ல காலும் உடம்பும் கண்ணு முன்னாடி. சுட்டதும் உடம்பைத் திருப்பி இடது தோளை எதிரிக்குக் காட்டுங்க. அந்தச் சென்ட்டூரியன் இடது கையில ஆயுதமே இல்ல, கேடயம் மாதிரி ஒரு இரும்புத் தகடுதான். அது போனா போகட்டும். நான் பாதி மிஷன்ல ஒத்தக் கையோட வந்திருக்கேன், பீரங்கிக்கு ஒரு கீறல் இல்லாம.

ஆர்மர்டு_அண்ணாச்சி

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். நான் 2023ல வந்த ஆர்மர்டு கோர் 6ங்கற இன்னொரு ரோபோ கேம் ஆடினவன். அங்க தேர்ட் பெர்சன் மட்டும்தான், ஆனா இந்த மண்ணுல சுடற பிரச்சனை எனக்குப் பெரிசா வந்ததே இல்லையே?

ஒத்தக்கால்_மெக்

அங்க குறி பார்க்கற வேலையில பாதியை மெஷின் செய்யுது அண்ணாச்சி. எஃப்சிஎஸ் (தானா குறி பார்க்கற கருவி) லாக் போட்டதும் ரெண்டு கை, ரெண்டு தோள் ஆயுதமும் எதிரியைப் பார்த்துச் சுடும். போதாததுக்கு நீங்க பாதி நேரம் ஆகாயத்துல. மேட்டுக்குப் பின்னால ஒதுங்கி நிக்கற ஆட்டமே அது இல்ல. மெக்வாரியர்ல கிராஸ்ஹேர் எந்த இடத்துல படுதோ அதை நோக்கித்தான் குண்டு போகும், எதிரி பக்கத்துல ஓடினாலும் தேடிப் போகாது.

திருகாணி

கரிச்சான் ப்ரோ, மேடு இல்லாத இடத்துலயும், குறுக்கே ஓடற சின்ன மெக்கை அடிக்கும்போது தவறுதா? லோகஸ்ட் மாதிரி?

கரிச்சான்_07

ஆமா ப்ரோ!! அதை எழுதலாம்னு இருந்தேன். கொஞ்சம் முன்னால விட்டுத்தான் சுடறேன், ஆனா எப்பவும் காலுக்குக் கீழ போகுது.

திருகாணி

அதுவும் அதே கேமரா வினைதான், வேற ரூபத்துல. ஓடறவனுக்கு முன்னால விட்டுக் குறி வைக்கும்போது உங்க கிராஸ்ஹேர் அவன் மேல இல்ல, அவனுக்குப் பின்னால இருக்கற மலை மேல இருக்கு. அதனால உங்க ஆயுதம் மலையைத்தான் குறி பார்க்குது. கேமராவோட கோடும் பீரங்கியோட கோடும் சந்திக்கற இடம் அந்த மலை.

கணக்குக்காக வச்சுக்குவோம்: கேமரா பீரங்கியை விட 5 மீட்டர் உயரத்துல. மலை 600 மீட்டர்ல, லோகஸ்ட் 150 மீட்டர்ல. குண்டு 150 மீட்டர் போகும்போது ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இன்னும் முக்கால்வாசி இடைவெளி இருக்கு, அதாவது 3.75 மீட்டர் கீழ. 20 டன் குட்டி மெக்குக்கு அது போதும், குண்டு காலுக்கடியில போயிடும்.

இதுக்கு காக்பிட் வியூ உண்மையிலேயே உதவும், கண்ணுக்கும் பீரங்கிக்கும் தூரம் குறைவுங்கறதால. இல்லன்னா குறுக்கே ஓடறவனுக்கு லேசர் போதும், நேரா அவன் மேலயே குறி வைக்கலாம். ஏசி 10ஐ அவன் உங்களை நோக்கி வரும்போதோ, திரும்பி ஓடும்போதோ வச்சுக்கங்க.

டிரோன்_வேண்டாம்

கள்ளாட்டம்னு சொன்ன நண்பருக்கு: இது பழைய சண்டை. ஆளோட ஆள் மோதற மெக்வாரியர் ஆன்லைன்ல 2013 ஆகஸ்டுல தேர்ட் பெர்சன் கொண்டு வந்தாங்க. காக்பிட் மட்டும்தான்னு நம்பி வந்தவங்க கொதிச்சுப் போயிட்டாங்க, மேட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கற இந்த வசதிக்காகத்தான். அதுக்கு ஒரு விலை வச்சாங்க: கேமராவைத் தூக்கிட்டுப் போற குட்டி டிரோன் எதிரி கண்ணுக்கும் தெரியும். நீங்க ஒளிஞ்சிருந்தாலும் மேட்டுக்கு மேல அது மிதந்து காட்டிக் கொடுத்துடும். என் பேருக்குக் காரணம் அதுதான், அந்த டிரோனால நான் செத்த கணக்கு எனக்கே தெரியாது.

மெர்சினரீஸ்ல நாலு பேரும் ஒரே அணி, எதிரி கம்ப்யூட்டர். யாரை ஏமாத்தறோம்? 2002ல வந்த மெக் அசால்ட் கேம் பூரா தேர்ட் பெர்சன்தான், அதுவும் மெக்வாரியரோட இதே கதை உலகம்தான்.

கரிச்சான்_07

அப்டேட்: நேத்து ராத்திரி அதே மிஷன். மேட்டுக்குப் பின்னால நின்னு பார்த்தேன், எதிரி திரும்பினதும் நாலு எட்டு. கை மேட்டுக்கு மேல வந்ததைக் கண்ணால பார்த்துட்டு அழுத்தினேன். முதல் குண்டே அவன் முதுகுல! நண்பன் கேட்டான், "புது மவுஸா?"

குறுக்கே ஓடறவனை இன்னும் அடிக்க வரல. வியூ மாத்தறதுக்குள்ள போயிடறான்.

ஒரு சந்தேகம். பீரங்கி உயரமா இருக்கற மெக் வாங்கிட்டா இந்த மேட்டுத் தொல்லை குறையுமா? பிளாக்ஜாக் தேடினேன், கடையில இல்ல. ஷேடோ ஹாக் இருக்கு.

ஒத்தக்கால்_மெக்

குறையும். ஷேடோ ஹாக்கோட ஏசி 5 தோளுக்கு மேல உக்காந்திருக்கும், மேட்டுல தலையோட அதுவும் எட்டிப் பார்க்கும். வாங்குங்க. ஆனா அது இடது தோள் தம்பி. மூலைக்கு நான் சொன்னதை அப்படியே தலைகீழாப் பழகணும்.

கரிச்சான்_07

வாங்கிட்டேன். முதல் மூலையிலயே வலது பக்கமா வெளியே வந்துட்டேன். ரிப்பேர் பில் பார்த்துட்டு வந்து பேசறேன்.