கமினோ நடைக்குப் படுக்கையாக என்ன சுமந்தீர்கள்?

ஈசூன்காரன்:

அடுத்த ஜூலையில் கமினோ (ஸ்பெயினின் சந்தியாகோ நகரத்துக்கு நடந்தே போகும் யாத்திரை) போகப்போகும் நண்பர் ஒருவர், "படுக்க என்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்டார். நான் செய்த கோமாளித்தனத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். நடந்துவிட்டு வந்த மற்றவர்களும் சொன்னால் அவருக்கு உதவும்.

நான் போனது பிரெஞ்சு வழி. பிரான்ஸ் பக்கம் சான் ஜான் பியே தெ போர் என்ற ஊரில் தொடங்கி, சந்தியாகோ வரை ஏறக்குறைய 780 கிலோமீட்டர். எனக்கு 34 நாள் ஆனது. வழியெங்கும் அல்பெர்கே என்ற யாத்திரிகர் விடுதிகள் உண்டு. அடுக்குக் கட்டில், மெத்தை, பெரும்பாலும் ஒரு தலையணை. சில இடங்களில் காகிதம் மாதிரி மெல்லிய உறை தருவார்கள், காலையில் உருவி எறிந்துவிட வேண்டும். கம்பளி கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

எனக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. நம் சிங்கப்பூரில் விடியற்காலையில்கூட 25 டிகிரி இருக்கும். தேசிய சேவையில் ராணுவ ஃபீல்ட் கேம்ப்பில் கிரவுண்ட்ஷீட் விரித்துத் தூங்கியவன் என்ற திமிர் வேறு. பிரனீஸ் மலை என்றதும் திமிர் போய்ப் பயம் வந்துவிட்டது. 'மைனஸ் 5' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக் ஒன்றை வாங்கினேன். 1.4 கிலோ.

அந்த மைனஸ் 5-ஐப் பற்றிப் பிறகுதான் படித்தேன். பையில் மூன்று எண்கள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கொட்டை எழுத்தில் இருந்தது எக்ஸ்ட்ரீம், அதாவது உறைந்து சாகாமல் ராத்திரியைத் தாண்டும் அளவு. அதில் யாரும் தூங்கமாட்டார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண்ணைத்தான்.

மூட்டை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று கமினோக்காரர்கள் சொல்வார்கள். நான் 65 கிலோ, ஆக 6.5 கிலோ மூட்டை. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு சாமானே தின்றுவிட்டது.

புர்கோஸ் தாண்டினால் மெசேதா என்ற சமவெளி. மரமே இல்லை, கோதுமை அறுத்த வயல்தான். பகலில் 35 டிகிரி. ராத்திரி ஒரே அறையில் இருபது பேர், வெளிக்காற்று ஆகாது என்று யாரோ சன்னலைச் சாத்திவிட்டார்கள். நைலான் பைக்குள் நான் இட்லிப் பானையில் வைத்த மாதிரி வெந்துகொண்டிருந்தேன். கீழ்க் கட்டிலில் ஒரு கொரிய அம்மா, அறுபதைத் தாண்டியவர். உள்ளங்கையில் அடங்குகிற சிறு பையிலிருந்து பட்டு உறை ஒன்றை உருவி எடுத்தார். 130 கிராம்தான் இருக்கும். அதற்குள் நுழைந்தார், தூங்கிப்போனார். காலையில் என் பையைச் சுட்டிக்காட்டி, கன்னத்தை உப்பிக் காட்டிச் சிரித்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, ஆனாலும் புரிந்தது.

அடுத்த பெரிய ஊரில் அஞ்சலகம் போனேன். ஸ்பெயின் அஞ்சல்துறை யாத்திரிகர்களின் பொதியைச் சந்தியாகோவுக்கு அனுப்பி, நாம் போய்ச் சேரும்வரை வைத்திருக்கும். பையை அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் என் படுக்கை, குளித்துவிட்டுக் கட்டக் கொண்டுபோன கைலிதான். கழுத்துவரை இழுத்தால் கால் வெளியே, காலை மூடினால் நெஞ்சு வெளியே. ஆனாலும் மெசேதா முழுக்க ராஜா மாதிரி தூங்கினேன்.

பிறகு ஓ செப்ரெய்ரோ என்ற மலையூர் வந்தது. 1,300 மீட்டர் உயரம், ஜூலை மாதத்தில் மூடுபனி. இருந்த துணி எல்லாவற்றையும் போட்டு, மேலே மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். சந்தியாகோவுக்கு அனுப்பிய பையை நினைத்து அழாத குறைதான்.

தெம்பனிஸ் அக்கா:

தம்பி, கைலி யோசனை சரிதான், அதைப் பாதியிலே விட்டுவிட்டீர்கள்.

நான் எடுத்துப் போனது அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. துவைத்துத் துவைத்து மல் துணி மாதிரி மெலிந்துபோனது. அதில் நாலரை மீட்டர் வெட்டி, இரண்டாக மடித்து, இரண்டு பக்கமும் தைத்துவிட்டால் இரண்டேகால் மீட்டர் நீளத்தில் ஒரு பை. 280 கிராம். பட்டு உறையைவிட எடை கூட, ஆனால் எனக்குச் செலவு தையல்கூலி மட்டும். வியர்வை உடம்பில் ஒட்டாது. மதியம் கொடியில் போட்டால் குளித்து, சாப்பிட்டு வருவதற்குள் காய்ந்திருக்கும்.

அதற்குமேல் 15 டிகிரி கம்ஃபர்ட் என்று போட்ட மெல்லிய குவில்ட் போர்வை, அரைக் கிலோ. ஓ செப்ரெய்ரோவில் இரண்டையும் சேர்த்து, சாக்ஸும் போட்டுக்கொண்டேன். மெசேதாவில் குவில்ட் தலையணையாகிவிட்டது.

கிளம்புமுன் வீட்டு ஏர்கானை 18-ல் வைத்து மூன்று ராத்திரி படுத்துப் பார்த்தேன். கடையில் கையால் தடவிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரர் இரண்டாம் நாளே ஹாலுக்குப் போய்விட்டார்.

இன்னொன்று: இறகுப் பை வாங்கினால் இங்கே சுருட்டி அலமாரியில் திணிக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்து நாறும். பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.

பிடோக்:

மூட்டைப்பூச்சியைப் பற்றி யாருமே பேசவில்லையே. மூட்டையைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். படுக்குமுன் டார்ச் அடித்து மெத்தையின் தையல் மடிப்பைப் பாருங்கள், கறுப்புப் புள்ளி இருந்தால் வேறு கட்டில் கேளுங்கள். உறை வெளிர் நிறத்தில் இருந்தால் பூச்சி ஊர்வது தெரியும். கடித்துவிட்டால் எல்லாத் துணியையும் சூடான டிரையரில் அரை மணி நேரம் போட்டால்தான் சாகும்.

உட்லண்ட்ஸ் பெரியம்மா:

நீங்கள் எல்லாம் குளிரைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் போனது சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு. ஆகஸ்டு 29-ஆம் தேதி கொடியேற்றம், அதைப் பிடிக்க நடப்போம். ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் பழக்கமான ஒரு அக்காதான் என்னைத் தன் ஊர்க் குழுவில் சேர்த்துவிட்டார்.

அங்கே படுக்கையை முதுகில் சுமக்க வேண்டியதில்லை, மாதா சப்பரத்தோடு ஒரு வேனும் கூட வரும். பள்ளிக்கூடத் தாழ்வாரம், கல்யாண மண்டபம், சில நாள் ரோட்டோரத்துப் புளியமரத்தடி என்று படுப்போம். பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டுத் தரை ராத்திரி பத்து மணிக்கும் அடுப்புக் கல் மாதிரி இருக்கும். நான் பெருமையாகக் கொண்டுபோன ஃபோம் விரிப்பு அந்தச் சூட்டோடு முதுகுச் சூட்டையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொண்டது. பக்கத்தில் படுத்த கிழவி தன் கோரைப்பாயில் பாதியைத் தள்ளிக் கொடுத்து, "இதுல படு தாயி" என்றாள். கோரை சூட்டை அப்படிப் பிடித்து வைக்காது.

போர்த்த வேண்டியது கொசுவுக்காக மட்டும். அதற்குப் பருத்தி வேட்டியே போதும். திடீர் மழைக்கு ஒரு பாலித்தீன் தாள்.

ஈசூன்காரன்:

தெம்பனிஸ் அக்கா, சேலைப் பையை எங்கே தைத்தீர்கள்? அடுத்த முறைக்கு எனக்கும் ஒன்று வேண்டும்.

தெம்பனிஸ் அக்கா:

தேக்கா சந்தை மாடியில் தையல்காரர்கள் இருக்கிறார்களே, அங்கேதான். ஆனால் விளக்கம் சொல்லத் தயாராகப் போங்கள். சேலையைக் கொடுத்து, "மூணு பக்கம் அடைச்சு, ஒரு பக்கம் மட்டும் வாயை விடுங்கண்ணே" என்றேன். அவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளைக்குத் தூளியாம்மா?" என்றார். எனக்குத்தான் என்றதும், கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, ஒன்றும் பேசாமல் என் உயரத்தை அளந்தார்.