கூலிக் கணக்கு நிரல் கமாண்ட் பிராம்ப்டில் ஓட மறுக்கிறது

பனியன்கணக்கு (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். பனியன் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பவர் டேபிள் (மின்தையல் இயந்திர) தையலர்களின் பீஸ் ரேட் கூலியை, அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியை, எக்செல்லில் ஆள்வாரியாகக் கூட்டி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி ஆகிவிடுகிறது. மறுநாள் சம்பளம் போட வேண்டும். இதைப் பைத்தான் என்ற நிரல்மொழியிடம் ஒப்படைக்கலாம் என்று எண்ணிப் பத்து வரியில் ஒரு நிரலை நோட்பேடில் எழுதி, டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்குள் கூலி டாட் பை என்ற பெயரில் சேமித்தேன்.

அதை மவுஸால் இருமுறை சொடுக்கினால் மறுபடியும் நோட்பேடுதான் திறக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பைத்தான் என்று தட்டினால் மூன்று அம்புக்குறிகள் வருகின்றன. அங்கே பைத்தான், இடைவெளி, கோப்பின் பெயர் என்று தட்டினால் சின்டாக்ஸ் எரர் என்கிறது. புதிய கறுப்புத் திரையில் அதையே தட்டினால் அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது. கோப்போ என் கண்ணெதிரே இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

அம்மணி, நீங்கள் ஒரே கட்டளையை இரண்டு வேறு ஆட்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஃபோல்டரின் பெயரும் ஓர் அம்புக்குறியும் தெரியும் இடத்தில் உங்கள் சொல்லைக் கேட்பது விண்டோஸ். மூன்று அம்புக்குறிகள் வந்துவிட்டால் கேட்பது பைத்தான். பைத்தானுக்குள் இருந்துகொண்டே பைத்தானைக் கூப்பிட்டால் அது அதைத் தன் மொழியின் ஒரு வரியாக வாசிக்கப் பார்த்து, இலக்கணப் பிழை என்று திருப்பிவிடுகிறது. கன்ட்ரோலுடன் இசட் விசையை அழுத்தி என்டர் தட்டினால் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

அடுத்து, கமாண்ட் பிராம்ப்ட் எப்போதும் ஏதாவது ஒரு ஃபோல்டருக்குள்தான் நிற்கும். பாதை சொல்லாமல் பெயரை மட்டும் கொடுத்தால் அந்த ஒரு ஃபோல்டரில் மட்டுமே தேடும். திறந்தவுடன் அது சி டிரைவில் உங்கள் பயனர் ஃபோல்டரில் நிற்கிறது. உங்கள் கோப்பு இருப்பதோ டி டிரைவில். கட்டிங் அறையில் நின்றுகொண்டு செக்கிங் மேசையில் கிடக்கும் பண்டிலைக் கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பார்கள்? சிடி என்ற கட்டளையால் இடம் மாறலாம் என்றாலும், டிரைவும் மாற வேண்டுமானால் அதனுடன் சாய்கோடும் டி எழுத்தும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பிழை எதுவும் காட்டாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். அதைவிட எளிய வழி, அந்த ஃபோல்டரைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று தட்டி என்டர் அழுத்துவது. கறுப்புத் திரை அந்த ஃபோல்டரிலேயே திறக்கும்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

அண்ணன் சொன்னது சரி, ஆனாலும் அது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். இருமுறை சொடுக்கினால் நோட்பேடு திறக்கிறது என்று அக்கா எழுதியிருப்பதைப் பார்த்தால், கோப்பின் உண்மையான பெயர் கூலி டாட் பை டாட் டிஎக்ஸ்டி என்று இருக்க வேண்டும். நோட்பேடு தானாகவே வால் ஒன்றை ஒட்டிவிடுகிறது. விண்டோஸ் அதை மறைத்துவைத்துக் காட்டுகிறது. கறுப்புத் திரையில் டி, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள், முழுப் பெயரும் தெரிந்துவிடும். கோப்பைத் திரும்பச் சேமிக்கும்போது கோப்பு வகையில் ‘எல்லாக் கோப்புகளும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பனியன்கணக்கு

அண்ணனுக்கும் தம்பிக்கும் நன்றி. வால் ஒட்டித்தான் இருந்தது. நீக்கியதும் நிரல் ஓடத் தொடங்கியது. இப்போது வேறொரு சிக்கல். நிரல் வாசிக்க வேண்டிய கூலிப் பட்டியலை எக்செல்லிலிருந்து சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்து, சோதனைக்காகப் பழனி என்ற ஒரே பெயரை வைத்துக் கொடுத்தபோது பெயர் கோணல்மாணலாக வந்தாலும் கூலித் தொகை சரியாக வந்தது. முருகன் என்ற பெயரைச் சேர்த்தவுடன் சார்மேப் என்று ஏதோ சொல்லி, யூனிகோட் டிகோட் எரர் என்று நின்றுவிட்டது. முருகன் என்ன குற்றம் செய்தார்?

மஞ்சள்மண்டி

குற்றம் அவருடைய பெயரில் உள்ள புள்ளியிலும் உகரத்திலும் இருக்கிறது! உங்கள் பட்டியல் கோப்பு யூடிஎஃப்-8 என்ற, எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். கோப்பைத் திறக்கும்போது முறை எதுவென்று நீங்கள் சொல்லாததால், பைத்தான் விண்டோஸின் பழைய 1252 என்ற எழுத்து அட்டவணையை வைத்து வாசிக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உகரக் குறிக்கும் வரும் கடைசி பைட்டுகள் அந்த அட்டவணையில் காலியாக விடப்பட்ட இடங்கள் என்பதால் அங்கே வாசிப்பு நின்றுவிடுகிறது. பழனியில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. அதனால் அவர் உருமாறியாவது தப்பித்துக்கொண்டார்.

ஓப்பன் என்ற கட்டளையில் கோப்பின் பெயருக்குப் பின் என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். வெறும் யூடிஎஃப்-8 போதாதா என்று கேட்பீர்கள். எக்செல்லில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் சேர்கிறது. அது முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, அந்தத் தலைப்பே இல்லை என்று உங்கள் நிரலைச் சொல்லவைக்கும். சிக் என்பது அதை நீக்கிவிட்டு வாசிக்கும். எக்காரணம் கொண்டும் சாதாரண சிஎஸ்வியாகச் சேமிக்காதீர்கள். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும், பைத்தானால் அவற்றை மீட்க முடியாது.

இந்த வாரச் சம்பளத்தை எக்செல் கணக்கின்படியே போட்டுவிட்டு, நிரல் தரும் தொகையை அதனோடு ஆள்வாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.