சட்டமா அதிபர் ஆரின்ர பக்கம்?

கோண்டாவில் ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பத்தாம் ஆண்டுக்குக் குடியியல் படிப்பிக்கிறன். போன கிழமை ஒரு பிள்ளை பேப்பரைக் கொண்டுவந்து மேசையில விரிச்சுது. முன்பக்கத்தில ஒரு கொலை வழக்கு, சட்டமா அதிபர் (இலங்கையின்ர அட்டர்னி ஜெனரல்) குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருக்கிறார். உள்ளுக்கு, காணாமல் ஆக்கப்பட்ட ஒருத்தற்ற ஆட்கொணர்வு மனு. அதில இராணுவத்துக்காகச் சட்டமா அதிபர் திணைக்கள சட்டவாதி ஆட்சேபனை தெரிவிச்சிருக்கிறார். "ரீச்சர், ரெண்டும் ஒரே ஆளோ?" எண்டுது. ஓம் எண்டன். "அப்ப அவர் ஆரின்ர பக்கம்?" நல்ல காலம், மணி அடிச்சுது.

வீட்டில அம்மம்மாவைக் கேட்டா "அவர் பெரிய அப்புக்காத்து" (வக்கீல்) எண்டு முடிச்சிட்டா. தமிழ்நாட்டுச் செய்தியில வாற அரசுத் தலைமை வழக்கறிஞரும் இவரும் ஒண்டோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. திங்கள் அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாக்க வேணும்.

மதுரை வக்கீல்:
ஒன்று இல்லைங்க. எங்க மாநிலத்தில் இருப்பவர் அட்வகேட் ஜெனரல். அரசமைப்பின் 165ஆவது பிரிவுப்படி ஆளுநர் நியமிப்பார். ஆட்சி மாறினால் பெரும்பாலும் அவரும் மாறிவிடுவார். டில்லியில் 76ஆவது பிரிவுப்படி அட்டர்னி ஜெனரல் தனியாக இருக்கிறார். முக்கியமான வித்தியாசம், கொலை வழக்கை நடத்துவது எங்கள் ஊரில் இவர்கள் வேலை இல்லை. அதற்கு அரசு வழக்கறிஞர், பப்ளிக் பிராசிக்யூட்டர் தனி. உங்கள் நாட்டில் இரண்டும் ஒரே கையில் இருப்பதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

பழைய முதலி:
பிள்ளை, நான் 31 வருசம் கோட்டில மொழிபெயர்ப்பாளரா இருந்தனான். பழைய ஆக்கள் எங்களை இப்பவும் முதலி எண்டுதான் கூப்பிடுவினம். சட்டம் படிச்ச ஆள் இல்லை. ஆனா சட்டம் பேசின ஆக்களுக்கெல்லாம் வாயா இருந்திருக்கிறன்.

உங்கட அம்மம்மா சொன்னது அவ்வளவு பிழையில்லை. அப்புக்காத்து ஒல்லாந்தர் விட்டுட்டுப் போன சொல்லு. அவையின்ர கொம்பனிக்கு வழக்காடினவருக்கு அட்வகாத் பிஸ்கால் எண்டு பேர். இங்கிலீசுக்காரன் 1801 இல நீதிப் பட்டயம் கொண்டுவந்தபோதும் அந்தப் பேரை மாத்தேல்லை, அட்வகேட் பிஸ்கால் எண்டு வச்சுக்கொண்டான். கோட்டில கட்டளை சேர்ப்பிக்கிற பிஸ்கால் ஐயாவின்ர பேருக்கும் அதுதான் வேர். அந்தக் கதிரையில இருந்த ஒருத்தர்தான் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். பிறகு பிரதம நீதியரசராகி, இஞ்ச ஜூரி முறையைக் கொண்டுவந்தவர்.

1833 க்குப் பிறகு பேர் 'ராசாவின்ர அப்புக்காத்து' எண்டு மாறிச்சுது. விக்டோரியா வந்த பிறகு ராணியின்ர அப்புக்காத்து. 1884 இலதான் அட்டர்னி ஜெனரல், அவருக்குக் கீழ சொலிசிட்டர் ஜெனரல் எண்ட இப்பத்தைய பேருகள். எங்கட பொன்னம்பலம் இராமநாதன் 1892 இல இருந்து 1906 வரை சொலிசிட்டர் ஜெனரல். மருதனார்மடத்தில பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கல்லூரி கட்டினதெல்லாம் அதுக்குப் பிறகுதான். என்ர காலத்தில சிவா பசுபதி, 1975 இல இருந்து 1988 வரை சட்டமா அதிபர். பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்ததும், 83 கலவரமும் அவர் கதிரையில இருக்கேக்கைதான். அதே மனிசன் 2003 இல புலிகளின்ர இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபை வரைவு எழுதின குழுவில இருந்தவர். பிறகு கமலசபேசன், 2007 வரை. கிட்டடியில சஞ்சய் இராஜரட்ணம், 2021 இல இருந்து 2024 வரை. தமிழர் அந்தக் கதிரையில இருந்தா எங்களுக்கு ஏதும் நடக்கும் எண்டு நினைச்ச காலம் ஒண்டு இருந்தது. கதிரைக்குத் தமிழ் சிங்களம் தெரியாது எண்டு பிறகுதான் விளங்கிச்சுது.

இனி உங்கட மாணவியின்ர கேள்விக்கு வாறன். அந்தக் கேள்வியை நான் முதல் கேட்டது கோட் விறாந்தையில.

ஒரு தாய். ஊர், பேர் வேண்டாம். அவவின்ர தமையனைக் காணிப் பிரச்சினையில வெட்டிக் கொண்டுட்டாங்கள். மேல் நீதிமன்றத்தில வழக்கு. அரச சட்டவாதி கொழும்பில இருந்து வந்து, எதிரியைக் குறுக்குக் கேள்வியில பிழிஞ்சு எடுத்தார். நான்தான் மொழிபெயர்ப்பு. வழக்கு முடிய, தாய் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுது. ரெண்டு மூண்டு வருசம் கழிச்சு அதே தாய், மகனைக் கேட்டு ஆட்கொணர்வு மனுவோட வந்துது. எதிர்ப்பக்கத்தில அதே கறுப்புக் கோட், அதே முகம். "இப்படி ஒருத்தரை நாங்கள் கைது செய்யவே இல்லை" எண்ட இராணுவத்தின்ர மறுப்பை நான் தமிழில சொல்ல வேண்டிக் கிடந்தது.

வெளியில வந்து என்னைப் பிடிச்சுக்கொண்டுது. "முதலி, அண்டைக்கு எங்கட பக்கம் நிண்ட தம்பியெல்லே? இண்டைக்கு ஏன் அங்கால போனவர்?"

"அவர் ஒருக்காலும் உங்கட பக்கம் நிக்கேல்லை அம்மா" எண்டன். சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கிச்சுது. கொலை வழக்கிலயும் அவற்ற கட்சிக்காரர் அரசாங்கம். செத்தவற்ற சகோதரி குற்றப்பத்திரிகையில 'சாட்சி இலக்கம் 3', அவ்வளவுதான். 1972 க்கு முந்தி 'மகாராணி எதிர் இன்னார்' எண்டு வழக்குக்குப் பேர் போடுவினம். மகாராணி போய்க் குடியரசு வந்துது. கட்சிக்காரர் மாறேல்லை. அண்டைக்கு அரசாங்கத்தின்ர தேவையும் அந்தத் தாயின்ர தேவையும் ஒரே றோட்டில போச்சுது. மற்ற நாள் போகேல்லை.

மிருசுவில் வழக்கைப் பாருங்கோ. 2000 ஆம் ஆண்டு மார்கழியில 8 பேரைக் கொலை செய்து புதைச்சது. அந்த வழக்கைக் கொண்டு நடத்தினது சட்டமா அதிபர். 2015 இல மூண்டு நீதிபதிகள் இருந்த தீர்ப்பாயம் ஒரு இராணுவத்தானுக்குத் தூக்குத்தண்டனை குடுத்துது. 2020 பங்குனியில சனாதிபதி மன்னிப்புக் குடுத்து வெளியில விட்டார். மன்னிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு மனுக்கள் போச்சுது. சனாதிபதி செய்ததுக்கு எதிரா அடிப்படை உரிமை மனு போட்டா பிரதிவாதியாப் பேர் போடவேண்டியது ஆரை? சட்டமா அதிபரை. இதைத் திங்கள் வகுப்பில சொல்லுங்கோ.

சட்டத்துறைப் பெடியன்:
முதலி ஐயா, கும்பிடுறன். நாலு வருசம் படிச்சும் 'சாட்சி இலக்கம் 3' எண்டதை இப்படி ஆரும் சொல்லித் தரேல்லை.

ரீச்சருக்குச் சில விசயம். மதுரை அண்ணை சொன்ன மாதிரி ஆட்சியோட மாறுற பதவி இல்லை இது. திணைக்களத்துக்குள்ள அரச சட்டவாதியாச் சேந்து படிப்படியா ஏறி வாறவைதான் அநேகம். சனாதிபதி பேரைச் சொல்ல, அரசியலமைப்புப் பேரவை அங்கீகரிக்க வேணும். 60 வயசில ஓய்வு. 2024 இல சேவை நீடிப்புக் கேக்க, பேரவை மாட்டன் எண்டுட்டுது. நினைச்ச உடன தூக்கவும் ஏலாது. அதுக்கு 2002 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டப்படி விசாரணையும் பாராளுமன்றத் தீர்மானமும் வேணும்.

பாராளுமன்றத்துக்கு வாற ஒவ்வொரு சட்டமூலமும் அரசியலமைப்போட முட்டுதோ எண்டு பாக்கிறதும் இவற்ற வேலை, உறுப்புரை 77. மேல் நீதிமன்றத்தில தொடங்கின வழக்கை இடையில நிப்பாட்டுற அதிகாரமும் இருக்கு. என்னைக் கேட்டா, குற்றம் சுமத்திறதை விட இந்த நிப்பாட்டுறதுதான் பெரிய அதிகாரம். பேப்பரில குற்றப்பத்திரிகை தலைப்பா வரும். நிப்பாட்டினது மூலையில வரும்.

ரெண்டு வேலையையும் பிரிக்கிறது புதுக் கதை இல்லை. 1973 ஆம் ஆண்டு 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தால வழக்குத் தொடுக்கிறதுக்குத் தனிப் பணிப்பாளர் வந்தவர். சில வருசம்தான். 1979 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையோட எல்லாம் திரும்பப் புதுக்கடைக்கே, சட்டமா அதிபர் திணைக்களத்துக்கே, போட்டுது. இப்ப திரும்பவும் பிரிக்கிற கதை நடக்குது.

பழைய முதலி:
பெடியன் சொன்னதெல்லாம் சரி. ஒண்டு விட்டுட்டீர். பாதிக்கப்பட்ட ஆக்கள் தங்கட செலவில ஒரு சட்டத்தரணியை வைக்கலாம். அவர் அரச சட்டவாதிக்குப் பக்கத்தில இருந்து துண்டு எழுதிக் குடுக்கலாம். 2017 இல புங்குடுதீவு மாணவி கொலை வழக்கு யாழ்ப்பாணத்திலயே தீர்ப்பாயமா நடந்து, புரட்டாதி (செப்டெம்பர்) 27 இல 7 பேருக்குத் தூக்குத்தண்டனை விழுந்த நாள் நானும் போனனான். ஓய்வு எடுத்துக் கனகாலம், ஆனா கால் கேக்கேல்லை. அந்தச் சனத்துக்குள்ள நிண்டு கேக்கேக்கை, சட்டவாதி எங்கட ஆள் எண்டுதான் எனக்கும் இருந்தது. உண்மையைச் சொல்லவேணும்.

கோண்டாவில் ரீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. இதை அப்பிடியே அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். 'ராசாவின்ர அப்புக்காத்து' எண்ட இடத்தில நிப்பாட்டச் சொல்லி, "அதைத்தானேடி நானும் சொன்னனான், எங்கட அப்புக்காத்து எண்டோ சொன்னனான்?" எண்டுட்டுக் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுப் படுத்திட்டா.

முதலி ஐயா, அந்தத் தாயின்ர மனு கடைசியில என்னாச்சுது?

பழைய முதலி:
தவணை போட்டுக்கொண்டிருக்கேக்கை எனக்கு வேற கோட்டுக்கு மாற்றம் வந்திட்டுது பிள்ளை. பிறகு ஒருக்காப் பஸ் ஸ்ராண்டில கண்டனான். மகனின்ர படம் கையில இருந்தது. நான் கேக்கேல்லை.