மறுமொழி: ‘பாரிட்டி’க்குப் ‘பேற்றெண்’

வணக்கம் ஐயா,

தாய்மாரின் குடல் நுண்ணுயிர் ஆய்வுப் படிவத்தில் ‘பாரிட்டி’ (parity) என்ற மருத்துவச் சொல்லுக்குத் தமிழில் ‘பிள்ளைப்பேற்று எண்ணிக்கை’ என்று போடலாம் என்ற யோசனைக்கு இது மறுமொழி. அப்படிப் போட்டால், மலேசியாவின் சுங்கை சிப்பூட் தோட்டத்துப் பெண்கள் எத்தனை பிள்ளை என்றுதான் படிப்பார்கள். பாரிட்டி எண்ணுவது பிள்ளைகளை அல்ல, பிரசவங்களை. இரட்டைப் பிள்ளை ஒரே பேறு. நிறைமாதத்தில் இறந்து பிறந்ததும் பேறுதான். தொடக்கத்திலேயே கலைந்த கரு சேராது. முதலில் இரட்டையர், பிறகு ஒரு கருச்சிதைவு, இப்போது ஐந்து மாதம் என்றால் கிளினிக்கில் தாதி எழுதுவது ‘ஜி3 பி1+1’. ஜி என்பது கிராவிடா (gravida), எத்தனை தடவை கருவுற்றார் என்பது; பி என்பது பாரிட்டி; +1 கலைந்த கரு. ஒரே தாய்க்குக் கருவுற்றது மூன்று தடவை, பேறு ஒன்று, பிள்ளை இரண்டு!

ஆகவே கிராவிடாவுக்குக் ‘கருவெண்’, பாரிட்டிக்குப் ‘பேற்றெண்’. ‘ஈற்றெண்’ வேண்டாம், கடைசி எண் என்று பொருள் மாறும். ‘ஈத்து’ மாட்டுக்கு உரிய சொல், தாய்மாரிடம் சொல்லக் கூடாது.

குடல் நுண்ணுயிர் ஆய்வுக்கு இப்படிக் கருவையும் பேற்றையும் பிரித்து எண்ணுவது கட்டாயம் வேண்டும். 2012இல் வெளிவந்த ஆய்வில், பின்லாந்துத் தாய்மார் 91 பேருக்கு முதல் மும்மாதத்திலிருந்து கடைசி மும்மாதத்துக்குள் நுண்ணுயிர் வகைகள் குறைந்தன. புரோட்டியோபாக்டீரியா, ஆக்டினோபாக்டீரியா என்ற இரண்டு பாக்டீரியாக் கூட்டங்கள் பெருகின. கடைசி மும்மாத மலத்தைக் கிருமியற்ற சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, முதல் மும்மாத மலம் பெற்றவற்றைவிடக் கொழுப்பு கூடியது, இன்சுலினுக்கு உடல் இணங்குவது குறைந்தது. மாற்றம் முற்றுவது கடைசி மாதங்களில். எட்டாம் வாரம் கலைந்த கர்ப்பத்தையும் முழுமாதம் கண்டதையும் ஒரே எண்ணில் அடைத்தால் முடிவு குழம்பிவிடும்.

*

ஐயாவின் பதில்:

அம்மா, ‘பேற்றெண்’ எனக்கும் உடன்பாடு. ஆனால் இதுவரை பெறாதவருக்குப் கலைச்சொல் பட்டியலில் உள்ள ‘பேறிலி’யை நீக்கிவிடுங்கள். பேறு என்றால் பாக்கியமும்தான். அந்தச் சொல் ஒரு பெண்ணின் முகத்தில் அறைந்ததுபோல் இருக்கும். ‘பேற்றெண் 0’ போதும்.

இன்னொன்று. குழந்தையின் மலத்தை ஆராயும்போது பேற்றெண் மட்டும் போதாது. மூத்த பிள்ளைகள் உள்ள வீட்டில் பிறந்த குழந்தைகளுக்கு பிஃபிடோபாக்டீரியா என்ற குடல் பாக்டீரியா கூடுதலாக இருப்பதை நெதர்லாந்து ஆய்வொன்று 2006இல் காட்டியது. அது தாயின் முந்தைய பேற்றால் வந்ததா, அண்ணன் அக்காள் கொஞ்சியதால் தொற்றியதா என்று பேற்றெண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ‘உடன் வாழும் மூத்த பிள்ளைகள்’ என்று தனிக் கட்டம் வேண்டும். இரண்டாவது குழந்தையை ஆராயும்போது, தலைச்சன் பாட்டி வீட்டில் வளர்ந்தால் பேற்றெண் 2, இந்தக் கட்டத்தில் 0. அறுவைப் பிரசவமா, தாய்ப்பாலா, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுத்தாரா என்பவையும் தனித்தனியாக.

படிவத்தில் கலைச்சொல்லைக் கேள்வியாக வைக்காதீர்கள். “எத்தனை தடவை வயிற்றில் தங்கியது? எத்தனை தடவை பிரசவம் ஆனது? எத்தனை தடவை கலைந்தது?” என்று கேட்டு, பேற்றெண்ணைத் தாதியே நிரப்பட்டும்.