மெல்கெய் தெனியே: கோமகன் அடித்ததா, ஆயர் அடித்ததா?

நண்பர்களே, இடைக்கால பிரான்சின் திருச்சபை நாணயங்களைப் பற்றி அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

என்னிடம் ஒரு மெல்கெய் தெனியே (இடைக்காலப் பிரான்சின் சிறு வெள்ளிக் காசு) இருக்கிறது. வெள்ளியைவிடச் செம்பு தூக்கலாகத் தெரியும் சின்னக் காசு, எடை ஏறக்குறைய ஒரு கிராம். ஒரு பக்கம் ஆயரின் தொப்பி போன்ற இரண்டு கரங்கள் உள்ள சிலுவை, மறுபக்கம் நான்கு சிறு வளையங்கள். சுற்றியுள்ள எழுத்துகள் நார்பொன் நகரக் காசைப் பார்த்து அடித்துச் சிதைந்தவை.

மொன்பெலியே அருகிலிருந்த மெல்கெய் கோமகன்களின் காசு இது. 1215இல் போப் மூன்றாம் இன்னொசென்ட் அந்தச் சீமையை மகலோன் ஆயருக்குக் கொடுத்தார். நாணயசாலையும் ஆயர் கைக்குப் போனது. ஆனால் அச்சு மாறவில்லை! தென் பிரான்சு முழுக்க வணிகர்கள் நம்பி வாங்கிய காசு, அதன் முகத்தை மாற்ற யாருக்குத் துணிவு வரும்? அதே ஆயர்கள் முகமது நபியின் பெயர் பொறித்த மில்லாரே என்ற, அரபு வெள்ளிக் காசைப் பார்த்து அடித்த காசையும் அடிக்கவிட்டு, 1266இல் போப் நான்காம் கிளெமென்டிடம் கண்டனம் வாங்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது.

சரி, கேள்விக்கு வருகிறேன். எழுத்தின் வடிவம், வளையங்களின் அளவு, எடை, இவற்றில் எதை வைத்து 1215க்கு முன், பின் என்று பிரிக்கிறீர்கள்? ஆயர் காலத்தது என்று உறுதியான காசு யாரிடமாவது இருந்தால், இருபுறப் படமும் எடையும் போடுங்கள். அப்புறம், பச்சைப் படிவைச் சுரண்டாமல் எழுத்தைத் தெளிவாகப் படமெடுக்க வெளிச்சத்தை எந்தப் பக்கம் வைப்பது?