மூணு வாரமா ஆயா சபைக்கு வரல, நான் கவனிக்கவே இல்ல

ராயபுரம்பையன்:
ஒரு விஷயம் மனசை அரிச்சிக்கிட்டே இருக்கு. எங்க சபையில எனக்கு முன் பெஞ்சுல மீன் விக்கிற ஆயா ஒருத்தங்க உக்காருவாங்க, காசிமேட்டுல எடுத்து கூடையில தெருத்தெருவா விப்பாங்க, ஆராதனை முடிஞ்சா என் பொண்ணு கையில ஒரு மிட்டாய் வெப்பாங்க. மூணு வாரமா அவங்க வரல. பொண்ணு தான் கேட்டா, "மிட்டாய் ஆயா எங்கப்பா?" விசாரிச்சா, மீன்பிடி தடைக்காலம் இல்லயா, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் லாஞ்ச், அதான் விசைப்படகு, போகாது, வியாபாரம் படுத்துடுச்சி, காணிக்கை கவர்ல போட ஒண்ணுமில்லன்னு கூச்சப்பட்டு வரலயாம். அதே வாரம் நான் பிறனிடத்தில் அன்புகூருன்னு ஸ்டேட்டஸ் வேற வெச்சிருந்தேன், அசிங்கமா இருக்கு. போய் பாக்கணும், இன்னான்னு சொல்லிட்டு போறது?

தண்டையார்பேட்டை அண்ணன்:
பைபிள்ல லூக்கா 10 எடுத்து படி தம்பி, கள்ளனுங்க அடிச்சி போட்டு வழியில ஒருத்தன் குத்துயிரா கெடந்தான். அவன கோயில் ஆசாரியனும் கண்டு தான் விலகிப்போனான், கோயில் ஊழியம் பண்ற லேவியனும் கண்டு தான் போனான். சமாரியனும் கண்டான், ஆனா மனதுருகி கிட்ட வந்தான். அந்த மனதுருகிக்கு கிரேக்கத்துல இருக்கிற வார்த்தை குடல்ங்கிற சொல்லுல இருந்து வந்ததாம், நம்ம பெத்த வயிறு பத்தி எரியுதுன்னு சொல்றோமே அந்த மாதிரி. ஒரே புள்ளைய பறிகொடுத்த நாயீன் ஊர் விதவைய பாத்தும் இயேசு அப்படித்தான் மனதுருகுனாரு, அந்தம்மா வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல. நீ ஆசாரியன் அளவுக்கு கூட பாக்கல, கோச்சிக்காத.

வண்ணாரப்பேட்டை சிஸ்டர்:
பிரதர், "எதுனா வேணும்னா சொல்லுங்க ஆயா"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க, யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில கெடந்தப்போ ஜெபிக்கிறோம் சிஸ்டர்னு சொன்னவங்க எத்தனையோ பேர், எதிர்வீட்டு பாய் வீட்டம்மா மட்டும் ஒண்ணும் கேக்காம ரெண்டு குடம் தண்ணி புடிச்சி வாசல்ல வெச்சிட்டு போனாங்க, எனக்கு அது தான் இன்னும் ஞாபகம் இருக்கு. அப்புறம் அஞ்சு பேரா அரிசி மூட்டையோட போயி போட்டோ எடுக்காதீங்க, ப்ளீஸ்.

கொருக்குப்பேட்டை:
கவர் மேல பேர் எழுதி வாங்குற பழக்கத்த மொதல்ல நிறுத்த சொல்லுங்க. மாற்கு 12ல ரெண்டு காசு போட்ட விதவைய காணிக்கைப் பெட்டிக்கு எதிர்ல உக்காந்து பாத்தவர் இயேசு. நம்ம ஆளுங்க கவர் வந்துச்சா இல்லயான்னு பாக்குறாங்க, ஆள் வந்துச்சான்னு எவன் பாக்குறான்.

ராயபுரம்பையன்:
நேத்து போனோம், நானும் என் வீட்டம்மாவும். ஏன் வரலன்னு நாங்க கேக்கல, அவங்களும் சொல்லல. மாடில கருவாடு காய போட்டிருந்தாங்க, அரை கிலோ நெத்திலி வாங்குனேன், நூறு ரூபாய கண்ணு கிட்ட கொண்டு போயி திருப்பித் திருப்பி பாக்குறாங்க. ரெண்டு கண்லயும் புரையாம், பஸ் நம்பரே தெரியலயாம். எத்தன வருஷமா முன் பெஞ்சு, இதையும் நான் பாக்கல. திங்கக்கெழம எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போலாம்னு இருக்கேன், அங்க ஓபி சீட்டு எத்தன மணில இருந்து குடுப்பாங்க, யாருக்காவது தெரியுமா?